தண்டவாளமும் விலாசமும்

1

நண்பர் ஒருவர் நியூரம்பெர்க் நகரில் சில வருஷங்கள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது, மற்றவர்கள் கொண்டுவருகிற சாமான்களுக்குப் பதிலாக இரண்டு பெட்டி நிறையச் சின்ன ரயில்களைக் கொண்டுவந்தார். 'என்' அளவு என்று பெயர். நிஜத்தில் 160 அடி நீளம் இருப்பது இதில் 1 அடி. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 9 மில்லிமீட்டர். எஞ்சின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மாடி அறையில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, பிளைவுட் பலகை மேல் இரண்டு ஸ்டேஷன்களும் அவற்றுக்கு இடையே ஒற்றைப் பாதையும் ஒரு மலையும் குகையுமாக அமைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். அவர், அவருடைய மகள், நான் என்று மூன்று பேர் ரயில் விடுவோம்.

சென்ற வருஷம் அவர் இந்தப் பாதையை அனலாகிலிருந்து டிஜிட்டல் முறைக்கு மாற்றினார். மாற்றி முடித்த முதல் ஞாயிற்றுக்கிழமையன்றே குகைக்குள் என் எஞ்சினும் அந்தப் பெண்ணின் எஞ்சினும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. பெரிய சேதமில்லை. ஒரு கொக்கி உடைந்தது.

"மாமா, நீங்க பாக்கலையா?" என்றாள் அவள்.

"பாக்கலை" என்றேன்.

வீடு திரும்பும்போது இந்த ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அதற்கு முன் பல வருஷங்களாக அதே மேஜையைச் சுற்றி நின்று எவ்வளவோ தவறுகள் செய்திருக்கிறோம். அப்போதெல்லாம் நாங்கள் சொன்னவை வேறு மாதிரி: "ஸ்விட்ச் மாறிப் போச்சு", "அந்தத் துண்டுல கரெண்ட் வரலை", "அது நின்னு போச்சு". தமிழில் இத்தகைய வாக்கியங்கள் சுலபமாக அமைகின்றன. செய்தவனுக்கு அவற்றில் இடமில்லை. காரியம் தானாக நடந்துவிடுகிறது. 'நான் பார்க்கவில்லை' என்ற வாக்கியம் அந்த அறையில் முதல் தடவையாகச் சொல்லப்பட்டது டிஜிட்டல் வந்த பிறகுதான். ஒரு வயரிங் மாற்றம் வாக்கியத்துக்குள் கர்த்தாவைக் கொண்டுவந்து வைத்துவிடுமா?

விளையாட்டுச் சாமானை வைத்து இப்படி யோசிப்பது மிகையாகப் படலாம். கடிகாரத்தை வைத்துப் பிரபஞ்சத்தையும் பொம்மலாட்டத்தை வைத்து ஆத்மாவையும் விளக்கியவர்களை நாம் பொறுத்துக்கொண்டிருக்கிறோம். மேலும் பொம்மை ரயிலில் ஒரு சௌகரியம் உண்டு. அதன் உள்விவகாரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். திருகைக் கழற்றினால் போதும்.

2

பழைய முறையின் இயல்பை முதலில் சொல்ல வேண்டும். தண்டவாளங்கள் இரண்டிலும் நேர்மின்சாரம் பாய்கிறது. அதிகபட்சம் 12 வோல்ட். சக்கரங்கள் வழியாக அது நேரே மோட்டாருக்குப் போய்ச் சேர்கிறது. வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். எந்தத் தண்டவாளம் பாஸிட்டிவ் என்பது திசையை நிர்ணயிக்கிறது. எஞ்சின் போகிற திக்கைப் பார்த்து நிற்கும்போது வலது தண்டவாளம் பாஸிட்டிவாக இருந்தால் அது முன்னே போகும்.

இதிலிருந்து பிறக்கிற விசித்திரம் ஒன்றை ஓட்டிப் பார்த்தவர்களே பலபேர் கவனித்திருப்பதில்லை. வடக்கே போய்க்கொண்டிருக்கும் எஞ்சினைக் கையில் எடுத்து, திருப்பி, தெற்கே பார்க்க வையுங்கள். இப்போதும் அது வடக்கேதான் போகும், பின்புறமாக. முன், பின் என்பவை எஞ்சினுக்குச் சொந்தமானவை அல்ல. பாதைக்குச் சொந்தமானவை. ஒரே துண்டில் இரண்டு எஞ்சின்களை மூக்கோடு மூக்கு வைத்து மின்சாரம் கொடுத்தால் அவை மோதிக்கொள்வதில்லை. ஒன்று பின்வாங்கும், மற்றது அதைத் தொடரும். இரண்டும் ஒரே திக்கில் போகும். வேகமானது மெதுவானதைப் பின்னாலிருந்து இடிக்கலாம். எதிரெதிராக வந்து முட்டிக்கொள்வது ஒரு துண்டுக்குள் அசாத்தியம்.

அப்படியானால் இரண்டு ரயில்களைத் தனித்தனியே விடுவது எப்படி? பாதையை வெட்டித்தான். தண்டவாளத்தில் இடைவெளி விட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயர், தனி ஸ்விட்ச். இந்தத் துண்டு உன் கன்ட்ரோலருக்கு, அந்தத் துண்டு என் கன்ட்ரோலருக்கு. ரயில் முன்னேற முன்னேற ஸ்விட்சுகளைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களின் மாடல் ரயில் சங்கத்தில் 1950களிலேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புழங்கும் ரிலேக்களைக் கொண்டு இதை விஸ்தாரமாகச் செய்திருந்தார்கள். 'ஹாக்கர்' என்ற சொல்லின் இன்றைய பொருள் அந்த மேஜைக்கு அடியில்தான் உருவாயிற்று என்பதை ஸ்டீவன் லெவி 1984இல் எழுதிய புத்தகத்தில் சொல்கிறார். என் நண்பரிடம் இருந்தவை பன்னிரண்டு துண்டுகள். குகைக்குள் இருந்த ஒற்றைப் பாதை ஏழாவது துண்டு. அதன் ஸ்விட்ச் ஒரு நேரத்தில் ஒரு கன்ட்ரோலருக்குத்தான் இணையும். ஆகவே எங்கள் கவனமோ கவனமின்மையோ எப்படி இருந்தாலும் குகைக்குள் அந்த மாதிரி மோதல் நேர வழியில்லை.

அந்த உலகத்தில் சமாதானம் நிலவியது. அதற்கு யாரும் பாடுபடவில்லை. இரண்டு இச்சைகள் ஒரே இடத்தில் இருக்க முடியாதபடி செம்புக் கம்பியில் அது எழுதப்பட்டிருந்தது. நாங்கள் உண்மையில் ரயிலை ஓட்டவும் இல்லை. பாதையை ஓட்டினோம், பாதை மேல் இருந்தவை ஓடின.

3

டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கிறது. வேகம், திசை இரண்டையும் அது தீர்மானிப்பதில்லை. கணத்துக்குக் கணம் பாஸிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன; இந்த மாறுதலின் கால அளவில்தான் கட்டளை இருக்கிறது. ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால், ஒவ்வொரு பாதிக்கும் 58 பங்கு நீடிப்பது '1', 100 பங்கோ அதற்கு மேலோ நீடிப்பது '0'. இப்படிக் கோத்த சரத்தில் முதலில் ஒரு விலாசம், அடுத்து ஒரு கட்டளை, கடைசியில் சரிபார்க்க ஒரு எண். ஜெர்மனியில் பெர்ண்ட் லென்ஸ் 1980களில் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1994இல் இதைத் தரநிர்ணயமாக ஏற்றது. இதற்கு முன்னரும் முயற்சிகள் இருந்தன. 1979ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஹார்ன்பி கம்பெனியின் 'ஜீரோ 1' முறை 16 எஞ்சின்களைத் தனித்தனியே அழைத்தது. இன்று விலாசங்கள் பத்தாயிரத்தைத் தாண்டும்.

எஞ்சினுக்குள் இதைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு டீகோடர் வேண்டும். 'என்' அளவில் அது விரல் நகத்தைவிடச் சிறிது. அதைப் பொருத்தும் வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய எஞ்சினில் உலோகச் சட்டமே மின்சாரத்தின் வழி. சக்கரத்திலிருந்து சட்டம், சட்டத்திலிருந்து மோட்டார். மோட்டாருக்கும் உலகத்துக்கும் நடுவே எதுவும் இல்லை. முதல் காரியம் இந்தத் தொடர்பை அறுப்பது. மோட்டாரின் இரண்டு முனைகளும் சட்டத்தைத் தொடாதபடி மெல்லிய டேப் ஒட்ட வேண்டும். டீகோடருக்கு இடம் வேண்டுமென்றால் சட்டத்தை அரத்தால் ராவ வேண்டும். ராவியதைப் பழையபடி ஆக்க முடியாது. பிறகு சிவப்பு, கறுப்பு வயர்கள் சக்கரங்களுக்கு. ஆரஞ்சு, சாம்பல் வயர்கள் மோட்டாருக்கு. டேப் ஒரு மயிரிழை விலகி, மோட்டார் முனை சட்டத்தைத் தொட்டுவிட்டால் டீகோடர் கருகிவிடும். நண்பர் அப்படி ஒன்றைப் பறிகொடுத்தார். கண்ணிமைக்கும் நேரம், ஒரு சிறு புகை.

தனித்து இயங்கும் ஒன்று உருவாவதற்கு முன் அது உலகத்திலிருந்து துண்டிக்கப்பட வேண்டியிருக்கிறது. நம் சிறுபத்திரிகைகளில் அந்நியமாதல் பற்றி எவ்வளவோ பக்கங்கள் எழுதியாயிற்று. பெரும்பாலும் அதை ஒரு நோயாகவே பாவித்திருக்கிறோம். இந்தச் சின்ன மோட்டார் விஷயத்தில் அந்த இரண்டு துண்டு டேப் இல்லாமல் எதுவும் நடக்காது. உலகம் தருவதை அப்படியே வாங்கிச் சுழன்றது, இப்போது நடுவில் ஒரு செவியை வைத்துக்கொண்டு, கேட்ட பிறகு சுழல்கிறது.

கட்டளைகள் எல்லா எஞ்சின்களுக்கும் போய்ச் சேர்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எஞ்சினும் மற்ற எல்லாவற்றுக்கும் சொல்லப்பட்டதைக் கேட்டு, தன்னுடையது அல்ல என்று தள்ளுகிறது. சரிபார்க்கும் எண் பொருந்தாவிட்டால் தனக்குச் சொன்னதையும் தள்ளிவிடும். அடிப்படை ஏற்பாட்டில், ஓடுகிற எஞ்சின் பதில் சொல்வதில்லை. கேட்டதா என்று தெரிந்துகொள்ள வழியில்லாததால் கட்டளைப் பெட்டி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பதில் அனுப்பும் முறை பின்னால்தான் வந்தது. டீகோடர்கள் கடையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் ஒரே விலாசம்: 3. அதை மாற்றும் வரை எல்லாம் ஒரே அழைப்புக்கு ஒன்றாகக் கிளம்பும். மாற்றும்போது, எண்ணை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக, எஞ்சின் ஒரு கணம் மின்சாரத்தை இழுத்துத் துடிக்கிறது. அந்தப் பெண் அதற்குத் தலையாட்டல் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

4

'தண்டவாளத்தை ஓட்டாதே, ரயிலை ஓட்டு' என்பது இத்துறையில் புழங்கும் வாசகம். விற்பவர்களின் வாசகம் என்றாலும் அதில் உண்மை உண்டு. அந்த உண்மை என்ன என்பதில்தான் அபிப்பிராய பேதம்.

ஒரு கட்சி இதை விடுதலை என்கிறது. பாதைக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த எஞ்சின் இனி சுயேச்சையாக ஓடுகிறது. துண்டுகளும் ஸ்விட்சுகளும் ஒழிந்தன. மறு கட்சி இதைச் சிரித்துத் தள்ளும். பெயர் சொல்லி அழைக்கப்படுவது சுதந்திரமா? முன்பு பொதுவாக ஆண்டார்கள், இப்போது தனித்தனியே ஆள்கிறார்கள். அல்தூஸர் 1970இல் எழுதிய பிரசித்தமான கட்டுரையில், தெருவில் போலீஸ்காரன் கூப்பிட்ட குரலுக்கு ஒருவன் திரும்பும் கணத்திலேயே அவன் ஆளாகவும் ஆட்பட்டவனாகவும் ஆகிவிடுகிறான் என்கிறார். விலாசம் என்பது பிடி. எண் கொடுத்து எண்ணால் அழைத்துக் காரியத்தை நடத்தும் அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு இந்த வாதத்தை விளக்க வேண்டியதில்லை. நானும் அப்படி ஓர் இடத்தில்தான் சம்பளம் வாங்குகிறேன்.

இரண்டாவது கட்சியின் பக்கமே வெகுநாள் நான் இருந்தேன். குகைக்குள் நடந்த மோதல்தான் என்னை நகர்த்தியது. இரு கட்சியினரும் எஞ்சினைப் பார்த்துப் பேசுகிறார்கள். எஞ்சின் ஜடம், முன்பும் கீழ்ப்படிந்தது, இப்போதும் கீழ்ப்படிகிறது. மாறியிருப்பது அதை விடுபவனின் நிலை. முன்பு அவன் ஒரு பிரதேசத்தை ஆண்டான். அந்தப் பிரதேசத்துக்குள் வேறொருவனின் இச்சை நுழைய முடியாது. இப்போது அவனிடம் பிரதேசம் இல்லை. ஒரே ஒரு எஞ்சின் இருக்கிறது. பாதை எல்லாருக்கும் பொது. எதிரே வருவது இன்னொருவரின் எஞ்சின். இப்போதுதான் அவனுக்கு முதல் தடவையாக ஒரு எதிராளி கிடைத்திருக்கிறான். மோதல் சாத்தியமாகியிருக்கிறது. மோதல் சாத்தியமாகும் வரை விலகுவது என்ற செய்கைக்கு அர்த்தமே இல்லை.

நிற்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் எஞ்சின் நிற்பது மின்சாரம் இல்லாததால். விளக்கும் அணைந்துவிடும். அது நிற்பதற்கும் அலமாரியில் கிடப்பதற்கும் வித்தியாசம் இல்லை. புதிய முறையில் காலடியில் முழு மின்சாரத்தை வைத்துக்கொண்டு, விளக்கு எரிய, எஞ்சின் நிற்கிறது. எந்தக் கணமும் போகலாம், போகாமல் இருக்கிறது. சும்மா இருப்பதைப் பெரிய காரியமாகச் சொன்ன மரபு நம்முடையது. போக முடியாதவன் சும்மா இருப்பதை அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நிஜ ரயில்வேயின் சரித்திரம் இதற்கு நேர் எதிர்த் திசையில் சென்றிருக்கிறது. அங்கே ஆரம்பத்திலிருந்தே ஒவ்வொரு எஞ்சினும் தன் நீராவியைத் தானே வைத்திருந்தது. பாதைக்கு அதன் மேல் எந்த அதிகாரமும் இல்லை. மோதல் முதல் நாளிலிருந்தே சாத்தியம். ஒரு ரயில் போய் இத்தனை நிமிஷம் ஆனபின் அடுத்ததை அனுப்பலாம் என்று கால இடைவெளியை நம்பிப் பல இடங்களில் வண்டி விட்டார்கள். 1889 ஜூன் 12ஆம் தேதி, அயர்லாந்தில் அர்மா என்ற ஊருக்கு அருகே, ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் நிறைந்த உல்லாசப் பயண ரயில் ஒன்று ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பாதியை மட்டும் கொண்டுபோக எண்ணினார்கள். பிரிந்தால் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் அந்த ரயிலில் இல்லை. சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்கள் நொறுங்கின. பின்பாதி சரிவில் உருண்டு, இடைவெளி விட்டு அனுப்பப்பட்ட அடுத்த ரயிலின் மேல் மோதியது. சுமார் 80 பேர் இறந்தார்கள். அதே வருஷம் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் இயற்றியது: பயணி ரயில்களுக்குத் தொடர் பிரேக்கும், ஒரு பிளாக்கில் ஒரே ரயில் என்ற முறையும் கட்டாயமாயின.

மாடல் ரயிலில் வயர் செய்த காரியத்தை அங்கே சட்டமும் கைகாட்டியும் செய்ய வேண்டியிருந்தது. இரண்டுக்கும் பிளாக் என்றே பெயர். ஆனால் வயரை மீற முடியாது; கைகாட்டியை மீறலாம். மீற முடியும் என்பதால்தான் அது கைகாட்டி. எங்கள் பாதையில் அழகுக்காக நட்டிருந்த கைகாட்டிகள், டிஜிட்டல் வந்த பிறகே எதையாவது சொல்லத் தொடங்கின.

அமெரிக்க மாடல் ரயில்காரர்களில் முன்னோடியான ஃபிராங்க் எலிசன் 1944இல் எழுதிய கட்டுரைத் தொடரில் பாதையை மேடையாகவும் ரயில்களை நடிகர்களாகவும் கருதச் சொன்னார். அவர் காலத்து வயரிங்கை நினைத்தால் அது ஒரே ஆள் எல்லா வேஷத்துக்கும் குரல் கொடுக்கிற நாடகம். நாடகம் என்றால் இரண்டு குரல் வேண்டாமா?

5

மாற்றம் முழுமையாக நடப்பதில்லை என்பது இந்த விஷயத்தின் இன்னொரு பக்கம்.

நண்பரின் முதல் எஞ்சினுக்குள் டீகோடர் வைக்க இடமில்லை. சட்டத்தை ராவ அவருக்கு மனம் வரவில்லை. சில கட்டளைப் பெட்டிகளில் டீகோடர் இல்லாத எஞ்சினை விடவும் ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கு விலாசம் பூஜ்யம். '0' என்ற சைகையின் ஒரு பாதியை மட்டும் நீட்டினால், சராசரியில் ஒரு பக்கமாக மின்சாரம் மிஞ்சும். அந்த மிச்சத்தில் பழைய எஞ்சின் ஓடும். நிற்கும்போதுதான் கஷ்டம். மற்றவற்றுக்கெல்லாம் பேச்சாக இருப்பது அதற்கு வெறும் அதிர்ச்சி. முன்னும் பின்னுமாக நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அலைக்கழிக்கப்பட்டு, இடத்தை விட்டு அசையாமல், ரீங்காரம் செய்துகொண்டு சூடேறும். இரும்பு உள்ளீடு இல்லாத நுட்பமான மோட்டார்கள் இதில் அழிந்தே போகும். இரண்டு நிமிஷம் பொறுத்துவிட்டு நண்பர் அதைத் தொட்டுப் பார்த்தார். எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். ஒரு பாஷை தனக்குத் தெரியாதவன் அந்தப் பாஷையின் சந்தையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம், கூப்பிடப்படாதவனுக்குச் சும்மா நிற்கக்கூட இடம் தருவதில்லை. பழைய சமாதானத்தை நான் குறை சொல்லும்போது இதையும் மறைக்கக் கூடாது.

மாற்றப்பட்ட எஞ்சினுக்குள்ளும் பழையது இருக்கிறது. டீகோடருக்குள் எண்ணிட்ட நினைவு அறைகள் உண்டு. சுருக்கமாகச் 'சிவி' என்பார்கள். முதல் அறையில் விலாசம். மூன்றாவதில் எவ்வளவு நிதானமாக வேகம் எடுப்பது, நான்காவதில் எவ்வளவு நிதானமாக நிற்பது. 29ஆவது அறையில் பல சின்னத் தீர்மானங்கள் ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் அதில் 6 என்று இருக்கும். அந்த 6இல் அடங்கிய 4க்கு அர்த்தம்: டிஜிட்டல் சைகை கிடைக்காவிட்டால் பழையபடி அனலாகாக ஓடு.

உபகாரமாக வைக்கப்பட்ட ஏற்பாடுதான். ஆனால் ஒரு நாள் பாதையில் அழுக்கு. மின்சாரம் விட்டு விட்டு வந்தது. தொடர்பு இழந்து மீண்ட ஓர் எஞ்சின் கட்டளையை அடையாளம் காணத் தவறி, தண்டவாளத்தில் இருந்த முழு மின்சாரத்தைப் பழைய காலத்து ஆணையாக எடுத்துக்கொண்டது. அனலாகில் முழு மின்சாரம் என்றால் முழு வேகம். யாரும் விடாத அந்த எஞ்சின் மேஜையின் ஓரம் வரை பாய்ந்தது. அந்தப் பெண்தான் கையை வைத்துத் தடுத்தாள். அன்று இரவு நண்பர் எல்லா எஞ்சின்களிலும் 29ஆவது அறையைத் திறந்து 6ஐ 2 ஆக மாற்றினார். தெளிவான சொல் காதில் விழாத நேரத்தில், கேட்கத் தெரிந்தவனும் வெறும் பலத்துக்குக் கீழ்ப்படிந்து ஓடுவான் என்பது சரித்திரத்தில் பலமுறை பார்த்ததுதான். தனக்குள் இருக்கும் அந்த 4ஐக் கழித்துவிட்டோமா என்று ஒவ்வொருவனும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

6

இப்போது என் முன்னால் இருக்கும் பிரச்னைக்கு வருகிறேன். மோதலுக்குப் பிறகு நண்பர் ஒரு யோசனை சொன்னார். எந்தத் துண்டில் ரயில் இருக்கிறது என்று உணரும் கருவிகளைப் பொருத்தி, கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை ஓடவிட்டால் அதுவே எல்லா எஞ்சின்களையும் நடத்தும். எதிரே ரயில் இருந்தால் நிறுத்தும். இது புதிதல்ல. 2001இல் ஹாம்பர்க்கில் திறக்கப்பட்ட 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' கண்காட்சியில் ஆயிரத்துக்கும் அதிகமான ரயில்களைக் கம்ப்யூட்டர்களே ஓட்டுகின்றன. அங்கே அதுதான் நியாயம். பார்க்க வருகிறவர்களுக்காக நாள் முழுவதும் ஓட வேண்டிய ரயில்கள் அவை. யாரும் அங்கே ஓட்ட வருவதில்லை.

எங்கள் மாடியில் அது என்ன செய்யும்? ஒவ்வொரு எஞ்சினுக்கும் விலாசம் இருக்கும், ஒவ்வொருவர் கையிலும் கன்ட்ரோலர் இருக்கும், மோதல் மட்டும் மறுபடி அசாத்தியமாகும். செம்புக் கம்பி தந்த சமாதானத்தைப் புரோகிராம் தரும். வித்தியாசம் ஒன்று உண்டு. கம்பி தந்தபோது நாங்கள் ஓட்டுவது பாதையை என்று எங்களுக்குத் தெரியும். இப்போது ரயிலை ஓட்டுகிறோம் என்று நம்பிக்கொண்டிருப்போம். தவறு நேர்ந்தால் சொல்ல வாக்கியமும் தயாராக இருக்கும்: "ஸிஸ்டம் எடுத்துக்கலை." இந்த வாக்கியத்தை நாம் எல்லாரும் ஏதாவது ஒரு கவுண்டருக்கு முன்னாலோ பின்னாலோ நின்று கேட்டிருக்கிறோம். அதிலும் கர்த்தா இல்லை.

நிஜ ரயிலில் மனிதக் கவனத்தை மட்டும் நம்பு என்று சொல்ல நான் துணிய மாட்டேன். அர்மாவில் இறந்த குழந்தைகளுக்கு எதிரே நின்று கவனத்தின் மகிமை பேச முடியாது. உயிர் போகிற இடத்தில் யந்திரம் தடுக்கட்டும். ஆனால் எல்லா இடமும் உயிர் போகிற இடம் அல்ல. ஒரு கொக்கி மட்டுமே உடையக்கூடிய இடத்திலும் மோதலை அசாத்தியமாக்கிவிட்டால், விலகிப் போகக் கற்றுக்கொள்வது எங்கே? அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. இன்னும் சில வருஷங்களில் அவள் எதிரே வேறு பெரிய சாமான்கள் வரும்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் விவாதிக்கவில்லை. பழைய பித்தளைக் கதவுக் குமிழ் ஒன்றைத் தேடி எடுத்து வந்து, குகையின் வாயில் பக்கத்தில் வைத்தார். நம் நாட்டு ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் புழங்கிய முறைதான் இது. இரண்டு ஸ்டேஷன்களும் பேசி 'லைன் கிளியர்' ஆனபிறகு ஒரு கருவியிலிருந்து பந்து ஒன்று வெளியே வரும். வளையத்தோடு சேர்ந்த பையில் அதை வைத்து டிரைவரிடம் நீட்டுவார்கள். பந்து கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த துண்டுக்குள் போகக் கூடாது. சின்ன ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், ஓடும் எஞ்சினிலிருந்து கை நீண்டு அந்த வளையத்தைப் பற்றுவதைப் பார்த்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

எங்கள் குமிழ் எந்த வயரோடும் சேரவில்லை. அதைக் கையில் எடுக்காமலே குகைக்குள் ரயிலை விடலாம்; ஒன்றும் தடுக்காது. அதை எடுப்பவர் மற்றவர் பக்கம் பார்த்து "லைன் கிளியரா?" என்று கேட்க வேண்டும் என்பது மட்டுமே ஏற்பாடு. சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தடவை கேட்க மறந்தேன். அவள் குகையின் மறுபக்கத்தில் தன் எஞ்சினை நிறுத்திவிட்டு, விளக்கு எரிய, நான் வெளியே வரும் வரை காத்திருந்தாள்.